நாலாவதாக நின்ற மருமகன்

ஆர்லோ டிட்மருக்கு வாழ்க்கையில் இரண்டே விஷயத்தில்தான் அபிப்பிராயம் உண்டு. ஒன்று கறவை மாடு, இன்னொன்று லைன்பேக்கர். சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று சம்சாரம் கேட்டால்கூட, "நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஆனால் லைன்பேக்கர் என்று யாராவது வாயெடுத்தால் போதும், மனிதர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். தொப்பி மேஜைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு யாரும் சீக்கிரம் வீடு போய்ச் சேர முடியாது என்பது விஸ்கான்சினில் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

பிழைப்புக்கு அவர் பால் லாரி ஓட்டினார். விடிந்தால் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலைக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு சீஸ் ஆலையில் இறக்க வேண்டும். கோடையில் கண்காட்சி வந்தால் மாட்டுக்கு நடுவர். நாலு கிடேரிகளைக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்துவார்கள். ஆர்லோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். பிறகு முதலிடத்துக்கு உரியதன் பின்புறத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. தட்டியது தட்டியதுதான். மாட்டுக்காரர் அழுதாலும் சரி, அவர் மனைவி வீட்டில் செய்த சாஸேஜைக் கொண்டுவந்து நீட்டினாலும் சரி, மாறாது. அதன்பிறகு மைக்கைப் பிடித்து, எதை எதற்கு முன்னால் வைத்தேன், ஏன் வைத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் கடைசியாக ஒரு வரி: "இந்த நாலுல கடைசியில நிக்கறதையும் என் தொழுவத்துக்கு ஓட்டிட்டுப் போக எனக்குச் சம்மதம்." அந்த வரி வந்தால்தான் தீர்ப்பு முடிந்தது என்று ஜனங்கள் எழுந்து நிற்பார்கள்.

இதே முறையைத்தான் அவர் கால்பந்துக்கும் கொண்டுவந்தார். கால்பந்து என்றால் எங்களுக்குப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்தான், காலுக்கு அதில் ஓடுகிற வேலை மட்டும். அப்படி ஓடி வருகிறவனை, முன்வரிசைக்குப் பின்னால் நின்று மோப்பம் பிடித்து மடக்கிப் போடுகிறவன் லைன்பேக்கர். ஏப்ரல் கடைசியில் கல்லூரிப் பையன்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்துப் பொறுக்கிக்கொள்கிற டிராஃப்ட் நடக்கும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஹ்யூபியின் மதுக்கடையில் மீன் வறுவல் சாப்பிட வந்த கூட்டத்துக்கு முன்னால், அந்த வருஷத்து லைன்பேக்கர்களில் நாலு பேரை ஆர்லோ வரிசைப்படுத்திக் காரணம் சொல்வார். வருஷம் தவறாமல் நடக்கிற காரியம். ஊரே வாயில் மீனோடு கேட்டுக்கொண்டிருக்கும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். ஆர்லோ முதலிடத்தில் வைத்தவன் ஒருத்தன்கூட உருப்பட்டதில்லை. ஒருத்தன் ஆட்டத்தை விட்டுவிட்டு நிலம் விற்கப் போனான். ஒருத்தன் முதல் நாள் பயிற்சியிலேயே வெயில் தாங்கவில்லை என்று வீட்டுக்குத் திரும்பினான். ஒருத்தனுடைய கதையை மார்லிஸ் வாயாலேயே கேட்கலாம். மார்லிஸ் அவருடைய தங்கை. அவளுடைய மகன் லேண்டன், எங்கள் ஊரிலிருந்து டிராஃப்ட் வரைக்கும் வந்த முதல் லைன்பேக்கர்.

இப்போது புரிந்திருக்கும், அந்த வருஷம் ஆர்லோ ஏன் மீசையைக் கடித்துக்கொண்டே லாரி ஓட்டினார் என்று. மருமகனின் ஆட்டம் ஒன்று விடாமல் பார்த்தவர் அவர். பார்த்துப் பார்த்து ஜனவரியிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நாலு பேரில் லேண்டன் நாலாவது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நாலாவதுதான். லைன்பேக்கர் விஷயத்தில் பொய் சொல்வதைவிடப் பாலில் தண்ணீர் கலப்பது மேல் என்று நினைக்கிறவர். இதைத் தங்கையிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அந்த வாரம் அவள் பண்ணையில் பால் எடுக்கப் போனபோது, அவளே கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை லேண்டனை எங்க வெக்கப் போறே?"

ஆர்லோ பால் தொட்டியின் வெப்பமானியை உற்றுப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. "நான் விலகிக்கலாம்னு இருக்கேன் மார்லிஸ். சொந்த வீட்டு மாடு வட்டத்துக்குள்ள வந்தா நடுவர் மைக்கைக் குடுத்துட்டுப் போயிடணும். அதான் முறை."

"விலகினா என்ன நெனப்பாங்க? மனசுக்குள்ள இவனுக்குத்தான் முதல் எடம்னு நெனப்பாங்க. அது போதும் என் புள்ள கால் ஒடியறதுக்கு."

"நான் என்ன பண்ணேன்?"

"அலபாமாப் பையனை முதல்ல வெச்சியே. அடுத்த மாசமே சொந்த நாய் தடுக்கி விழுந்து முட்டி போச்சு."

"அது நாயோட தப்பு."

"எல்லாம் உன்னோட நாக்கு." மார்லிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெஞ்சிக் கேக்கறேன் அண்ணே. அவனைக் கடைசியில வை. மறந்துபோய்க்கூட நல்லதா ஒரு வார்த்தை சொல்லிடாதே. உன் மனசு கேக்காது, எனக்குத் தெரியும். எனக்காகப் பண்ணு."

ஆர்லோவுக்கு அந்தத் தொட்டியைச் சுற்றி ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்தது. ஆனால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நீளமாக ஒரு பெருமூச்சும் விட்டார். "உனக்காகன்னா... சரி" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் செர்ரி வைத்துச் சுட்ட ஒரு முழுப் பலகாரத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். லாரியில் உட்கார்ந்து அதைத் தின்னும்போது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தினாலும் பாதிக்குமேல் தின்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஹ்யூபி கடையில் நிற்க இடமில்லை. கறுப்பு ரொட்டியும் முட்டைக்கோஸும் மீனும் பறந்துகொண்டிருந்தன. பிராந்தியில் ஆரஞ்சுத் துண்டும் செர்ரியும் மிதக்க, கிளாஸ்கள் தலைக்குமேல் கைமாறிப் போயின. லேண்டன் மூலை மேஜையில் சிநேகிதர்களோடு உட்கார்ந்திருந்தான். ஆர்லோ தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்ததும் சத்தம் அடங்கியது.

"முதல் எடம் ஜார்ஜியாக்காரனுக்கு" என்று ஆரம்பித்தார். "டெக்ஸாஸ்காரனுக்கு முன்னால இவனை வெச்சதுக்குக் காரணம், நடை. பந்து கெளம்பறதுக்கு முன்னாடி இவன் கால் கெளம்பிடுது. நெஞ்சு அகலம், முதுகு நேரு. மறிக்க வர்றவனைக் கதவைத் தள்ற மாதிரி தள்ளிட்டுப் போறான்."

"பாவம், அந்தப் பையனுக்கு யாராவது போன் பண்ணிச் சொல்லுங்கப்பா" என்றான் ஹ்யூபி.

ஆர்லோ அதைக் காதில் வாங்கவில்லை. "ரெண்டாவது டெக்ஸாஸ்காரன். ஓட்டத்துல முதல் ஆளையே முந்துவான், ஒத்துக்கறேன். ஆனா பாவ்லா காட்டினா ஏமாந்துடறான். பந்தைக் குடுக்கற மாதிரி கையை நீட்டினா அப்படியே நம்பி ஓடறான். மனசு நல்ல மனசு, லைன்பேக்கருக்கு அது ஆகாது. மூணாவது ஒஹாயோக்காரன். நேரா வந்தா சுவரு. ஆனா தலைக்கு மேல பந்தைத் தூக்கிப் போட்டுட்டா, சுவரு எங்க போய்த் துரத்தும்?"

நாலாவது பெயர் வந்தபோது கடை முழுக்க மார்லிஸைப் பார்த்தது. விஷயம் ஊருக்கே தெரியும். அவளே நாலு பேரிடம் சொல்லியிருந்தாள்.

"ஒஹாயோக்காரனுக்குப் பின்னால லேண்டனை வெச்சதுக்குக் காரணம், இடுப்பு. திரும்பணும்னு தலை சொல்லி, தோள் கேட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் இடுப்புக்குத் தகவல் போகுது. கையும் நீளம் பத்தலே. மறிக்கறவன் பிடிச்சான்னா மாட்டிக்கறான்."

கடை அதிரச் சிரித்தார்கள். தங்கைக்காக மனுஷன் எப்படி நடிக்கிறார் பாருங்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். லேண்டனும் சிரித்தான். ஆர்லோ வழக்கம்போலக் கடைசி வரிக்கு வாயைத் திறந்தார். கடைசியில நிக்கறதையும் என் தொழுவத்துக்கு... மார்லிஸ் அடுத்த மேஜையிலிருந்து கண்ணை உருட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அது நல்ல வார்த்தை ஆயிற்றே. ஆர்லோ வாயை மூடினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஆளாளுக்கு முதுகைத் தட்டி, "பெரிய மனசு ஜட்ஜய்யா" என்று கிளாஸ் வாங்கிக் கொடுத்தார்கள். அத்தனையையும் குடித்தார், ஒன்றும் ருசிக்கவில்லை.

அடுத்த முறை பால் எடுக்கப் போனபோது லேண்டன் தொழுவத்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். வாசலை அடைத்துக்கொண்டு நின்றான் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குச் சொன்னதெல்லாம் அம்மாவுக்காகத்தானே?"

ஆர்லோ குழாயை மாட்டினார். ஒழுங்காக மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு மருமகன் சந்தோஷமாகப் போவான், மாமன் பொய்யனாகிவிடுவான். இந்தப் பையன் பின்னால் எப்போது எதைக் கேட்டாலும் அவர் சொல்வதற்கு மதிப்பிருக்காது.

"இல்லேடா" என்றார். "ஜனவரிலேர்ந்தே நாலாவதுதான்."

லேண்டன் தரையைப் பார்த்தான். "இடுப்பா?"

"இடுப்பு."

"நானும் அதான் நெனச்சேன்." காலால் வைக்கோலை ஒதுக்கித் தள்ளினான். "ஊர்ல எல்லாரும் சூப்பர் சூப்பர்ங்கறாங்க மாமா. கோச்சும் அதையேதான் சொல்றாரு. ஒருத்தராவது உண்மையச் சொன்னீங்களே. ஆனா ஒஹாயோக்காரனுக்குப் பின்னாலயா? அவன் பஸ்ஸு மாதிரி திரும்பறான்."

"பஸ்ஸுதான். ஆனா குறுக்க நின்னா யாரும் தாண்ட முடியலியே."

"சரி." போகத் திரும்பியவன் நின்றான். "நாலாவதுன்னு வெச்சதுகூடப் பரவால்ல. ஆனா கண்காட்சில நொண்டிக் கெடேரிக்குக்கூடக் கடைசியில ஒரு வரி சொல்லுவீங்க. அத மட்டும் எனக்குச் சொல்லலே."

ஆர்லோ மறுபடியும் குழாயைத் தொட்டுப் பார்த்தார். உங்கம்மா கண்ணை உருட்டினாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வரியை அங்கேயே சொல்லிவிட்டிருக்கலாம், கேட்க மாடுகளைத் தவிர யாருமில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு அன்பான பேச்சு மைக் இல்லாமல் வராது. "பால் இன்னிக்கு நல்லா குளுந்திருக்கு" என்றார். லேண்டன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். வழியெல்லாம் ஆர்லோ தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஓட்டினார், இரண்டு பண்ணைகளைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.

டிராஃப்ட் மூன்று நாள். முதல் நாள் ஜார்ஜியாக்காரன் போனான், இரண்டாம் நாள் டெக்ஸாஸ்காரன். மூன்றாம் நாள் சனிக்கிழமை, ஊரே ஹ்யூபி கடையில் கூடியிருந்தது. மார்லிஸின் புருஷன் மட்டும் வரவில்லை. அவன் கூட்டம் ஆகாத ஆள், மாடுகளோடு இருந்துகொண்டான். எங்கள் மாநிலத்துப் பச்சைச் சட்டை அணியின் முறை வந்தபோது கடையே டிவி பக்கம் சாய்ந்தது. பச்சை அணி ஒஹாயோக்காரனை எடுத்தது. எல்லோரும் மெல்லத் திரும்பி, அன்றைக்கு இவர் நடிக்கவில்லையோ என்பதுபோல ஆர்லோவைப் பார்த்தார்கள். அவர் கிளாஸுக்குள் இருந்த செர்ரியைப் பார்த்தார்.

மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசிச் சுற்றும் தேய்ந்துகொண்டு வந்தபோது லேண்டனின் போன் அடித்தது. எழுந்து சுவரோரம் போனான். "ஆமா சார்... ரொம்ப நன்றி சார்... வந்துடறேன் சார்." போனை மூடிவிட்டுத் திரும்பினான். முகம் சிவந்து கிடந்தது.

"எடுத்துட்டாங்க" என்றான். "மினசோட்டா."

ஒரு முள்கரண்டிகூட அசையவில்லை. பக்கத்து மாநிலம். ஊதாச் சட்டை. எங்கள் ஊரில் குழந்தைக்கு முதல் வார்த்தை சொல்லித் தருவதற்கு முன்பே ஊதாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பச் சொல்லித் தந்துவிடுவோம். ஹ்யூபி கடை வாசலில் ஒரு ஆணி இருக்கிறது, ஊதாவில் எது போட்டு வந்தாலும் அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஹ்யூபி ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை நிறுத்தினான். மார்லிஸ் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். "ஊதாவா... ஐயோ, எம்புள்ள பொழச்சிடுவான். ஆனா ஊதாவா." லேண்டன் நடுக்கடையில் தனியாக நின்றான். பிறந்த ஊரில் அவனுக்குக் கை கொடுக்க ஒருத்தன் எழுந்திருக்கவில்லை.

ஆர்லோ எழுந்தார். பச்சைத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குலுக்கலுக்கு எண் கூப்பிட ஹ்யூபி வைத்திருக்கிற மைக்கை எட்டி எடுத்தார்.

"போன வாரம் வெள்ளிக்கிழமை ஒரு வரி பாக்கி வெச்சுட்டேன்" என்றார். "அது இல்லாம தீர்ப்பு முடியாது."

"அண்ணே, வேண்டாம்" என்றாள் மார்லிஸ். "இன்னும் சீசன் ஆரம்பிக்கலே."

"நீ சும்மா இரு மார்லிஸ். அன்னிக்கு உன் பேச்சைக் கேட்டதே தப்பு." தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்காட்சியில் சொல்கிற மாதிரியே நிமிர்ந்து நின்று சொன்னார். "இந்த நாலுல கடைசியில நிக்கறதையும் என் தொழுவத்துக்கு ஓட்டிட்டுப் போக எனக்குச் சம்மதம். எந்தக் கலர் கயிறு கட்டியிருந்தாலும் சரி. இவனை மத்த மூணுக்கும் முன்னாடியே ஓட்டிட்டுப் போவேன்."

வரி வந்துவிட்டதல்லவா, பழக்கதோஷத்தில் ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எழுந்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் கை தட்டினார்கள். ஹ்யூபிகூட, முகத்தைச் சுளித்துக்கொண்டே.

லேண்டன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "மாமா, அப்போ மூணாவதுக்காவது ஏத்திடுங்க."

"முடியாதுடா" என்றார் ஆர்லோ. மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "நாலாவது."