மஞ்சள் வைக்காத பத்திரிகை

எங்கள் உறுவையாறு கிராமத்துச் சின்னபொண்ணு கரும்பு வெட்டிப் பிழைத்தவர். முழங்கால் தேய்ந்த பிறகு, வில்லியனூர் சாலையில் ஒரு தொழிற்சாலையில் பெருக்கித் துடைக்கும் வேலையில் சேர்ந்தார். கணவர் இருசப்பன் 2014-இல் காலமானார். பிள்ளைகள் இருவர்: கலைச்செல்வன், அவனுக்கு இளையவள் மஞ்சுளா.

2019 மாசி மகத்தன்று சாராயக்கடை வாசலில் நடந்த சண்டையில் கலைச்செல்வன் கட்டையால் அடித்ததில், பக்கத்துத் தெரு வாலிபன் ஒருவன் இறந்துபோனான். வழக்கு முடிந்து 2021-இல் ஏழு ஆண்டு தண்டனை விதித்தார்கள். "எம் புள்ள செய்யலன்னு நான் சொல்ல மாட்டேன். அடிச்சான்" என்று மட்டும் சின்னபொண்ணு சொன்னார். வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

தீர்ப்பு நாளில் வேனில் ஏறும்போது, "நீ அங்க வந்து கம்பிக்கு அந்தாண்ட நிக்காதம்மா. என்னால தாங்க முடியாது. கடுதாசி போடு, போதும்" என்று கலைச்செல்வன் சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல்லை அவர் மீறவில்லை. எழுதத் தெரியாதவர் என்பதால் என்னிடம் வந்தார். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதி ஓய்வு பெற்றவன் நான். அவருக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன்.

மாதம் ஒரு கடிதம் போகும்.

"கருப்பு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சின்னு எழுது அண்ணே. ஒண்ணு நொண்டி."

"நொண்டியெல்லாம் எதுக்கும்மா அவனுக்கு?"

"இன்னாண்ணே நீ? அத்த எழுதனாதான, இப்ப எப்படி நடக்குதுன்னு அவன் திருப்பிக் கேப்பான்."

அடுத்த கடிதத்தில் அவன் கேட்டிருந்தான்.

2025 தை மாதம் மஞ்சுளாவுக்குப் பண்டசோழநல்லூரில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் வைகாசியில். தகப்பன் இல்லாத பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன் அண்ணன். அவனை எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் சின்னபொண்ணின் கவலை. சிறையில் விடுப்பு வேண்டுமானால், கல்யாணப் பத்திரிகையை இணைத்துக் கைதியே மனு கொடுக்க வேண்டும் என்று விசாரித்துச் சொன்னேன்.

சாமிக்கு ஒன்று வைத்துவிட்டு, அடுத்த பத்திரிகையை மகனுக்கு எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவி, நடுவில் குங்குமமும் வைத்தார். கொஞ்ச நாளில் கவர் திரும்பி வந்தது. பொடி ஒட்டிய தாள் உள்ளே அனுமதியில்லை என்று அதன்மேல் எழுதியிருந்தது.

"மஞ்சத்தூளு கூடவா தெரியாது அவங்களுக்கு? வூட்ல கொழம்பு வெக்க மாட்டாங்களா?"

"தாள்ல போதை மருந்து தடவி அனுப்பறவங்களும் இருக்காங்கம்மா. அவங்க எப்படிப் பிரிச்சிப் பாக்கறது?"

வேறு பத்திரிகையை வெறுமனே வைத்து ஒட்டினேன். அவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. "ஏன் மஞ்சள் வெக்கலன்னு ரெண்டு வரி எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"அய்யோ, வேணாண்ணே. அவங்க படிச்சிட்டுத்தான் குடுப்பாங்க. நம்ம மேலயே குத்தம் சொல்றாங்கன்னு லீவு குடுக்காம வுட்டுட்டா?"

எழுதாமலே அனுப்பினோம். பதில் வந்தது. நான் வாசித்தேன்.

'பத்திரிகை கிடைத்தது. மஞ்சள் வைக்கவில்லை என்று பார்த்தேன். உன் மனசு புரிந்தது அம்மா. நல்ல காரியத்தில் கொலை செய்தவன் நிற்கக் கூடாதுதான். முறைக்கு ஒன்று அனுப்பினாயே, அது போதும். நான் மனு போடவில்லை.'

சின்னபொண்ணு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும், "நாளைக்குப் போனா பாக்க வுடுவாங்களா அண்ணே?" என்றார்.

மறுநாள் மஞ்சுளாவைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை மஞ்சுளாதான் எனக்குச் சொன்னாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற கலைச்செல்வன் தாயைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம்.

"டேய், இங்க பாருடா. மஞ்ச வெச்சித்தான்டா மொதல்ல அனுப்பனேன். பொடின்னு திருப்பிட்டாங்க. நான் இன்னா கஞ்சாவா விக்கறேன்?"

பக்கத்தில் நின்ற காவலர் சிரித்துவிட்டார்.

"இப்ப வாயால சொல்றேன், கேட்டுக்கோ. ஒன் தங்கச்சிக்குக் கல்யாணம். நீ வரணும்."

"ஊர்ல பேசுவாங்கம்மா."

"நீ இல்லாதப்பவே பேசிக்கினுதான் இருக்காங்க. வந்தா இன்னா, புதுசாவா பேசப் போறாங்க?"

"ஒன்னு தெரிஞ்சிக்கோ" என்று மஞ்சுளாவும் குறுக்கே புகுந்தாள். "நீ வரலன்னா பெரியப்பா மவன்தான் என்னக் கூட்டினு போவணும். அவன் இப்பவே போதையில இருக்கான்."

அதற்குத்தான் அவன் முதலில் சிரித்தானாம். அன்றே மனு கொடுத்தான். நாள் குறைவாக இருந்ததால், காவலோடு ஒரு பகல் மட்டும் விடுப்பு கிடைத்தது.

வில்லியனூர் மண்டபத்துக்கு இரண்டு போலீஸ்காரர்களோடு காலையில் வந்து இறங்கினான். சிலர் எழுந்து வெளியே போனார்கள். சின்னபொண்ணு யாரையும் பார்க்கவில்லை. புது வேட்டியை அவன் கையில் கொடுத்து, "சீக்கிரம் கட்டு, முகூர்த்தம் போவுது" என்றார். அவன் தங்கையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தான். தாலி கட்டி முடியும்வரை தலை நிமிரவில்லை.

பந்தியில் போலீஸ்காரர்கள் நடுவில் அவனை உட்கார வைத்தார்கள். சின்னபொண்ணுதான் மூவருக்கும் பரிமாறினார். "போதும்மா" என்றார் ஒருவர். "சாப்புடு சார், சாயங்காலம் வரைக்கும் இவனத் தூக்கிச் சுமக்கணுமில்ல" என்று சின்னபொண்ணு இன்னொரு கரண்டி வைத்தார்.

பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும் என்று மூன்று மணிக்கே கிளம்பினார்கள். வண்டி சாலையில் ஏறும்வரை வாசலில் நின்ற சின்னபொண்ணு, பிறகு மிச்சமிருந்த இலைகளை எடுக்கப் போனார்.