காலி என்று வைத்த கைத்துப்பாக்கி

உபகாரமேரியின் இடது கை பழமலையின் கணுக்காலைத் தாங்கியிருந்தது. வலது கை இடுக்கியால் புண்ணின் பழைய கட்டுத்துணியை உரித்துக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் விட்டு, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக. சர்க்கரை நோய்க்காரரின் புண்ணில் அவசரம் காட்டினால் ஆறிய தோலும் சேர்ந்து வந்துவிடும்.

“கத்திரி எங்க, காணோம்?” என்றார் பழமலை.

“உங்க மருமவ பூசையில வெக்க வாங்கிக்கிட்டுப் போயிட்டா. வருஷா வருஷம் குடுக்கிறதுதான.”

“இடுக்கிய மட்டும் ஏன் குடுக்கல?”

“உங்க புண்ணு பூசைக்கு லீவு விடட்டும், அதையும் குடுத்துடுறேன்.”

1971ஆம் வருஷத்து ஆயுத பூசை. பழமலையின் மகன் ராஜாங்கம் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருந்தான். ப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை எல்லாம் அங்கே சுட்டு எடுத்தார்கள். பட்டறையை ஒட்டியே வீடு. முன்னறைக்கும் பழமலையின் கட்டில் கிடந்த உள்ளறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான்.

மேரி ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதிலும் சொன்னதில்லை. ஞாயிறு காலை மாதா கோயில் பூசை, மற்ற நேரமெல்லாம் ஊர்க்காரர்களின் புண், கட்டு, ஊசி. வெள்ளைச் சேலையில் கறை படாமல் நாள் முழுக்க வேலை பார்ப்பது அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை அவர் மறைத்ததும் இல்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மணியடித்தது. கற்பூர வாசனை வந்தது. பிறகு ராஜாங்கத்தின் குரல்.

“நாளைக்குக் காலையில எல்லாரும் வந்துடுங்க. சக்கரத்த ஒரு சுத்து, அச்ச ஒரு அழுத்து. அப்புறம் இதையும் எடுத்து டிக்குன்னு ஒரு தடவ அழுத்திக் காட்டுறேன்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். மேரி கட்டின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, கை கழுவி, வெளியே வந்தார்.

பாயில் மஞ்சள் துணி விரித்து ஆயுதங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மண் அறுக்கும் கம்பி, அச்சு, தராசு, அவருடைய கத்திரி. நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்து, ராஜாங்கம் புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கி. வேப்பூர் சாலையில் வழிப்பறி நடந்த பிறகு, கடலூருக்கு நடையாய் நடந்து உரிமம் வாங்கியிருந்தான். அதன் வாய் பலகைத் தடுப்பைப் பார்த்திருந்தது. தடுப்புக்குப் பின்னால் பழமலையின் தலைமாடு.

“பயப்படாதீங்க அக்கா. காலி” என்றான் ராஜாங்கம். “தோட்டாப் பெட்டியக் கழட்டித் தனியா வெச்சிருக்கேன், பாருங்க.”

“பாத்தேன். அதுக்கப்புறம் துப்பாக்கியோட மேல் சட்டத்த இழுத்துப் பாத்தீங்களா, தம்பி?”

“அதான் பெட்டியே இல்லையே.”

“பெட்டிய உள்ள மாட்டினப்புறம் என்னைக்காவது இழுத்திருக்கீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க.”

ராஜாங்கம் யோசித்தான். பொரித் தட்டோடு வந்த அவன் மனைவி திரௌபதி நின்றாள்.

“போன வாரம் கருவேப்பிலங்குறிச்சி திருப்பத்துல ஒரு மோட்டார் சைக்கிள் பின்னாலயே வந்துச்சு. பயந்துக்கிட்டு ஒரு தடவ இழுத்து, விசை நகராம அதோட பூட்டப் போட்டு வெச்சேன். அப்புறம் வூட்டுக்கு வந்து பெட்டியக் கழட்டிட்டேன்.”

“இழுத்தப்பவே ஒரு தோட்டா குழலுக்குள்ள ஏறியிருக்கும். பெட்டியக் கழட்டினா அது கூட வராது. அங்கயே உக்காந்திருக்கும்.”

வடக்கே ஒரு ராணுவ மருத்துவமனையில் ஒரு சிப்பாயின் குண்டு துளைத்த உள்ளங்கையை மேரி இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அறுவை அறை வரை ஓடியிருக்கிறார். பெட்டியைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியைத் துடைத்தவன் அவன். காலி என்றுதான் அவனும் சொன்னான். காயம்பட்டு வருபவர்களின் இடுப்பில் ஆயுதமும் வரும் என்பதால், அதை எப்படிக் காலி செய்வது என்று ஆயுதக் கிடங்கு ஹவில்தார் ஒருவர் நர்ஸுகள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்.

திரௌபதி துப்பாக்கியைப் பார்த்தாள், தடுப்பைப் பார்த்தாள். “மாமா தல அங்கதான இருக்குது” என்றாள் மெதுவாக.

“இப்பவே எடுத்துடுறேன்” என்று ராஜாங்கம் குனிந்தான்.

“கையை வெக்காதீங்க” என்றார் மேரி. “அது தானா வெடிக்காது. கை பட்டாத்தான் வெடிக்கும். இத்தினி பேரு நிக்கிற எடத்துல எடுக்கவே கூடாது.”

சூளைக்காரர் சாமிதுரையும் தலையசைத்தார். “கற்பூரம் காட்டியாச்சு. இனி விடியற வரைக்கும் எதையும் நகத்தக் கூடாதுங்க.”

“அப்ப அய்யா கட்டில வெளிய தூக்கிப் போடுவமா?” என்றான் ராஜாங்கம்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து பழமலை குரல் கொடுத்தார். “பூசையன்னிக்குக் கட்டிலோட என்ன வாசல் தாண்டித் தூக்குவியா? நான் இன்னும் செத்துப் போவலடா.”

எல்லோரும் சிரித்தார்கள். மேரி சிரிக்கவில்லை. அவர் பட்டறைப் பக்கம் பார்த்தார். பிசைந்த மண் ஈரச்சாக்கு சுற்றி, கட்டி கட்டியாக அடுக்கியிருந்தது.

“எதையும் நகத்தக் கூடாது, சரி. புதுசா ஒண்ணு வெக்கலாமா?”

“தாராளமா வெக்கலாம்.”

“உங்களுக்குச் சோறு போடுறது மண்ணு. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சீங்க, அத மட்டும் வெளியவே விட்டுட்டீங்களே.”

சாமிதுரைக்குப் புரிய ஒரு நொடி ஆனது. “இது பூசைக்கா, காவலுக்கா நர்ஸம்மா?”

“ரெண்டுக்கும்தான். பிள்ளைங்கள வாசலுக்கு அனுப்புங்க. துப்பாக்கிக்கு முன்னால போவாம, பக்கவாட்டுல வந்து அடுக்குங்க.”

ஆட்கள் மண்கட்டிகளைச் சுமந்து வந்து, துப்பாக்கிக்கும் தடுப்புக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு இரட்டை வரிசையாக அடுக்கினார்கள். ஆயுதங்களில் ஒன்றுகூட அசையவில்லை. திரௌபதி ஒவ்வொரு கட்டிக்கும் சந்தனம் வைத்தாள். ராஜாங்கம் மறுபடியும் கற்பூரம் காட்டினான். விளக்கை அமர்த்திவிட்டு அறையைப் பூட்டியதும், அவனே சாவியைக் கொண்டுவந்து மேரியிடம் நீட்டினான்.

“எங்கிட்ட இருந்தா, போயி பாத்துடலாமான்னு கை ஊறும் அக்கா. நீங்களே வெச்சுக்குங்க. காலையில எப்படி எடுக்கணும்னு சொல்லிக் குடுங்க.”

மேரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தெரியாததைத் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல அவனுக்குக் கூச்சம் இல்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. மேல்சட்டத்தை இழுத்த கையே அதைக் காலியும் செய்யட்டும் என்று முடிவு செய்தார்.

வாசலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, வெறுங்கையால் ராஜாங்கம் செய்து காட்டினான். தலகாணிக்கு அடியில் வைக்காதே. தோட்டாவை வேறு பெட்டியில் பூட்டு. கேட்டவனுக்கெல்லாம் எடுத்துக் காட்டாதே. ஒவ்வொரு தடவை தொடும்போதும் உள்ளே தோட்டா இருக்கிறது என்றே நினை. ஆள் இருக்கும் பக்கமாக வாயைத் திருப்பாதே. விரல் விசைக்கு வெளியே. முதலில் தோட்டாப் பெட்டியைக் கழற்று, அப்புறம் சட்டத்தை இழு. மாற்றிச் செய்தால் இன்னொரு தோட்டா ஏறிக்கொள்ளும். கடைசியில் உள்ளே கண்ணால் பார், அதற்கும் மேல் விரலால் தடவிப் பார்.

“புண்ணு ஆறிடுச்சான்னு அடுத்தவங்க சொல்றதக் கேட்டுக் கட்டு அவுப்பனா நான்? பாத்துட்டுத்தான அவுப்பேன். இதுவும் அப்படித்தான்.”

விஜயதசமி காலையில் மேரி குளித்து, வெள்ளைச் சேலையை நீவிக் கட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். திரௌபதி மறுபூசை செய்தாள். பழமலை தன் மச்சினர் வீட்டுக் காபி குடிக்க வேண்டுமென்று அடம்பிடித்து, சாமிதுரையின் தோளைப் பிடித்துத் தானே நடந்து போயிருந்தார். மற்றவர்கள் வாசலுக்கு அப்பால் நின்றார்கள். அறைக்குள் மேரியும் ராஜாங்கமும் மட்டும்.

ராஜாங்கம் பக்கவாட்டில் மண்டியிட்டான். விரலை நீட்டியபடியே, மண்ணைப் பார்த்த வாயைத் திருப்பாமல், துப்பாக்கியை எடுத்தான்.

“பெட்டி?”

“இல்ல அக்கா. பாத்துட்டேன்.”

“விசைப் பூட்ட எடுத்துட்டு, சட்டத்த முழுசா இழுங்க. விரல் மட்டும் வெளியவே இருக்கட்டும்.”

இழுத்தான். பித்தளை நிறத்தில் ஒன்று துள்ளிப் பாயில் விழுந்து, உருண்டு, பொரித் தட்டில் முட்டி நின்றது.

“இன்னும் முடியல. உள்ள பாருங்க. விரல் விட்டும் பாருங்க.”

பார்த்தான், சுண்டுவிரலை நுழைத்தும் தடவினான். “காலி” என்றான். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி மறுபடியும் சத்தமாகச் சொன்னான்.

வாசலிலிருந்து ஒரு பிள்ளை, “டிக்குன்னு அழுத்தலியா?” என்று கேட்டது.

திரௌபதி முந்திக்கொண்டாள். “வேணாம். சக்கரத்துக்கு ஒரு சுத்து மாதிரி, அதுக்குக் காலி பண்ணினதுதான் வேல. இன்னிக்கு அது வேலையச் செஞ்சுடுச்சு.” சொல்லிவிட்டு, “எங்க மேரியக்கா சொல்லிக் குடுத்தது” என்று கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சேர்த்தாள்.

மேரி அந்த வார்த்தையை மறுக்கவில்லை. ராஜாங்கம் துப்பாக்கியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். தோட்டாக்கள் வேறு பெட்டிக்குப் போயின. பட்டறையில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது.

மேரி தன் கத்திரியை எடுத்தார். சந்தனத்தைத் துடைத்து, வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தார். எல்லோரும் செய்ததைப் போலவே, அவரும் கட்டுத்துணியில் ஒரே ஒரு துண்டு வெட்டினார். பிறகு, காபி குடித்துவிட்டுத் திரும்பிய பழமலையைக் கட்டிலில் உட்காரவைத்து, நடந்து புழுதியாக்கியிருந்த கட்டை நனைக்கத் தொடங்கினார்.