கோட்டைக்கு எதிரே நான் தோண்டிய குழி

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஓமான் நாட்டில் சோஹாருக்கு வெளியே மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். வெளி ஆட்களிடம் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளையிடமே கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன்.

மகள் தொட்டியில் வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்று இலை கொட்டிப்போய் நின்றது. வீட்டைச் சுற்றி உப்பு மணல். அதில் என்ன வளரும்? கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய கோட்டை உண்டு. அதற்கு எதிரே, பேரீச்சந்தோப்பை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு வரப்பு மாதிரி நீளமாக ஒரு மேடு ஓடும். மண் மெத்தென்று இருந்தது. காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் பெயின்ட் வாளியும் பழைய தோசைத் திருப்பியும் கொண்டுபோய்ச் சுரண்டி எடுத்து வந்தேன். முதலில் கறிவேப்பிலைக்கு, பிறகு வெண்டைக்கு, அப்புறம் புதினாவுக்கு. பத்து வாளிக்குக் குறையாது. அங்கே வேலியும் இல்லை, பலகையும் இல்லை.

ஜனவரியில் ஒரு மழை பெய்து, நான் தோண்டிய இடம் ஓரம் மழுங்கி ரொம்பப் பழசு போல ஆகிவிட்டது. அடுத்த வாரம் போனால், அளக்கும் கருவியோடு நாலைந்து பேர் நிற்கிறார்கள். அளவுகோல் பிடித்திருந்தவர் என் சேலையைப் பார்த்துவிட்டு, "தமிழாம்மா? எந்த ஊரு?" என்றார். அவர் தொண்டிக்காரர்.

"இது சும்மா மேடுன்னு நெனச்சீங்களா? அந்தக் காலத்துல இந்த நாட்டு ஆளுகளே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிட்டாங்களாம். கோட்டைக்குள்ள ஒரு கூட்டம், சுத்தி வளைச்சு வெளிய ஒரு கூட்டம். உள்ளேருந்து வர்ற குண்டுக்கு மறைஞ்சுக்க வெட்டிப்போட்ட மண்ணும்மா இது. அந்தா, அரைவட்டமாக் குழிஞ்சிருக்கு பாருங்க. பீரங்கி நின்ன எடம்! பழைய எடங்களப் பதிவு பண்ற எங்க ஆபீசரு வரைபடத்துல ஏத்திட்டாரு. நாளையோட வேலை முடியுது."

அவர் காட்டியது என் குழி.

அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் மகளிடம் சொன்னதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"அத்தை, இது கவர்மெண்ட் சமாச்சாரம். கேஸுன்னு வந்தா கம்பெனி என்னை அடுத்த ஃபிளைட்ல ஏத்திவிட்டுரும். பேசாம இருங்க."

மகளும் சேர்ந்துகொண்டாள். "ஊர்ல ரேஷன் கடைக்காரன்கிட்டயே வாயத் தொறக்க மாட்ட. இங்க வந்து அரபிக்கிட்ட நியாயம் பேசப் போறியாக்கும்!"

அவர்கள் பயம் நியாயம்தான். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. உயிருக்குப் பயந்து யாரோ வெட்டிப்போட்ட மண் அது. அதில் நான் புதினாவுக்குச் சுரண்டிய குழி பீரங்கி நின்ற இடம் என்று வரைபடத்தில் நிலைத்துவிட்டால், இந்த ஊர்ப் பிள்ளைகள் அதையே உண்மை என்று படிப்பார்களே! காலையில் மாப்பிள்ளை டூட்டிக்குக் கிளம்பும்போது முதல்முறையாக அவர் எதிரே வந்து நின்றேன். "என் பேரச் சொல்லித்தான் சொல்லுவேன், மாப்ள. தப்பு என்னோடது," என்றேன். பதிலுக்குக் காத்திருக்காமல் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் நடந்தேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் தொண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, மூணு நாளா அந்தக் குழியப் பத்தியேதான் பேசிக்கிட்டிருக்காரு. அவர்கிட்ட போயி, அது தோசைத் திருப்பியில தோண்டுனதுன்னு நான் எப்படிச் சொல்ல?"

"நீங்க சொல்ல வேணாம், தம்பி. நான் காட்டுறேன்."

அரபி அதிகாரியும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, சேலையைச் சொருகிக்கொண்டு குழிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். தோசைத் திருப்பியைப் பிடித்துக் கையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வீசிக் காட்டினேன். அரைவட்டம் அச்சாகப் பொருந்தியது. என் கை எட்டியவரைதான் அந்தக் குழி.

தொண்டிக்காரர் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் அரபியில் சொன்னார். அதிகாரியின் முகம் கறுத்துவிட்டது. எப்போது, எத்தனை வாளி என்று கேட்டார்; சொன்னேன். இன்னொரு பிடி எடுத்தால் போலீஸில் சொல்வேன் என்றார், தலையாட்டினேன். எடுத்ததைத் திருப்பிக் கொட்டிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அள்ளிய பிறகு அது வெறும் மண் என்றார். அது சுருக்கென்று தைத்தது. பிறகு படத்தில் இருந்த அரைவட்டத்தை அழித்து, "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தமாம். நான் எழுந்து நடந்தபோது அவர் நெஞ்சில் கைவைத்து லேசாகத் தலை குனிந்தார்.

கேஸ் எதுவும் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேசத் தெரியாதவள் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ இடங்களில் ஒதுங்கி நின்றிருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டாலே ஒரு பொய் உண்மையாகிவிடும் என்று அன்று கண்ணால் பார்த்த பிறகு, அப்படி ஒதுங்கி நிற்க எனக்கு மனசு வருவதே இல்லை.