கருப்பராயன் முன்னால் ஓர் ஊசி முனை

கடவுள் இல்லை என்று உறுதியாக இருப்பவருக்கு, அந்தக் கடவுள் முன்னால் ஒரு பொய் சொல்வதில் என்ன தடை இருக்க முடியும்? தனபாலின் ஐம்பத்து நான்கு வருட வாழ்க்கையில் இந்தக் கேள்வி ஒரே ஒரு சனிக்கிழமை காலையில்தான் எழுந்தது.

மண்ணரை என்ற ஊரில் குழந்தைகளுக்கான பனியன் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் செக்கிங், தைத்ததைச் சோதித்துப் பார்ப்பவர். இனிமையானவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைக்கும்போது, "பொட்டு வெச்ச மெஷின்ல ஊசி ஒடையாதுங்களா?" என்று கேட்டுவிட்டு, பொரியை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். அப்பா இறந்தபோது மொட்டை போட மறுத்தார். அண்ணன் அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

தைக்கும்போது ஊசி உடைந்தால், துணியில் எதுவும் தங்கிவிடாதபடி துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். முழு ஊசியும் வந்துவிட்டதா என்று அவற்றைப் புது ஊசியின் பக்கத்தில் சேர்த்துப் பார்த்து, நோட்டில் ஒட்டி, கையெழுத்துப் போடுவது தனபாலின் வேலை. அந்தச் செவ்வாய்க்கிழமை, தேனிப் பக்கமிருந்து வந்து தைத்துக்கொண்டிருந்த மூக்கம்மாளின் மெஷினில் ஊசி உடைந்தது. "எல்லாத் துண்டும் இருக்குண்ணே" என்று நீட்டினாள். வேலை நின்றுகிடந்தது. அன்றைக்கு மட்டும் தனபால் சேர்த்துப் பார்க்காமல் ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை, பெட்டியில் அடைக்கும் இடத்தில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. ஒரு கைக்குழந்தைச் சட்டையின் கழுத்துப் பட்டியில் ஊசி முனை. நோட்டில் ஒட்டியிருந்த முனை வேறு ஏதோ பழைய ஊசியுடையது.

முதலாளி மகுடேஸ்வரன் மறுநாள் காலை இருவரையும் கருப்பராயன் கோயிலுக்கு அழைத்துப்போனார். தன் மேல் தப்பில்லை என்று எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை. மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும். செய்யாதவர் வேலையை விட்டுப் போக வேண்டும்.

மூக்கம்மாள் முதலில் வந்தாள். "ஒடஞ்ச துண்டத்தான் சாமி குடுத்தேன்" என்றாள். சாமியைப் பார்க்காமல் கையை வைத்தாள். கற்பூரம் அணைந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும், முனையை மாற்றிக் கொடுத்தது அவள்தான் என்று தனபாலுக்குப் புரிந்துவிட்டது.

பூசாரி அடுத்த கற்பூரத்தை ஏற்றினார்.

"சேத்திப் பாத்துத்தான் ஒட்டுனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்ணா. அத்தோட முடிஞ்சுது" என்றார் மகுடேஸ்வரன்.

"மாட்டேனுங்க."

"வெறுங்கல்லுன்னு சொல்றவரு நீங்க. கல்லு முன்னால சொல்றதுக்கு என்னங்ணா பயம்?"

"இன்னைக்குத்தான் கருப்பராயன் இவுரு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கறானுங்க" என்று பூசாரி சிரித்தார்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. தனபாலை வேலையை விட்டு அனுப்ப அவருக்கு மனமில்லை. "பாக்காம ஒட்டிட்டேன்னாவது சொல்லுங்க. இல்ல, இந்தப் புள்ள மாத்திக் குடுத்துருச்சுன்னு சொல்லுங்க. வாயத் தொறங்ணா!"

மூக்கம்மாள் தனபாலின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கற்பூரம் சுருங்கிக்கொண்டே வந்தது. அவர் கையை நீட்டவில்லை, யாரையும் சொல்லவில்லை, தன்னையும் சொல்லவில்லை. கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்ததும், கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி முதலாளி கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

"சாமிக்குப் பயந்தீங்களா, அந்தப் பொம்பளைக்கு எரங்குனீங்களா?" என்று அவர் மனைவி சாரதாமணி இன்றும் சோறு போடும்போது கேட்கிறாள்.

"கொழம்பு ஊத்து" என்பார்.