ஆவியில் வெந்த கோலா உருண்டை

நோயாளிக்கு வீட்டுச் சாப்பாடு தர, உணவியல் பிரிவின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்பது மருத்துவமனை விதி. வார்டில் என் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்காக விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைச் சீருடையிலேயே தினமும் வருவார். கஞ்சியைத் தொடாத கணவருக்காகக் கையில் கோழிக்கறிக் கோலா உருண்டை டப்பா இருக்கும்.

“எண்ணெயே இல்ல லா, அண்ணே. ஆவியில வேக வச்சேன். உப்பும் கம்மி. ரெண்டு குடுக்கவா?”

“பதில் வரட்டும்மா.”

“நர்ஸே கண்டுக்காம போறாங்க. நீங்கதான் ஜாகா மாதிரி காவல் நிக்கிறீங்க,” என்று சிரித்தார்.

ஆனாலும் டப்பாவைத் திறக்காமலே எடுத்துப்போவார். என் பேச்சை ஏன் அவ்வளவு மதித்தார் என்பது இன்னும் விளங்கவில்லை.

“புரதம் போதுமானது, நோயாளிக்கு ஏற்றது” என்ற பதில், எனக்கும் ஒரு நகலுடன், அவர் கணவரின் பதினாறாம் நாள் காரியத்தன்று வந்தது.