சீரகச் சரைக்குத் தப்பிய பக்கங்கள்

நேற்றுக் காலை ஒரு சீரகப் பக்கற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் அக்காவின் மகள் ஹஸ்னா கைபேசியை வைத்துக்கொண்டு பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாப்பிள்ளை பாரிஸில் இருக்கிறார். அவரிடம் போய்ச் சேர ஒரு மொழிப் பரீட்சை இருக்கிறதாம். கைபேசி “பொன்ஜூர்” என்றது, இவளும் “பொன்ஜூர்” என்றாள். அதே நேரத்தில் பக்கற்றின் வாய் திறந்து சீரக மணம் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் கைவேலை ஓடாது.

“அதுல ஃபுஸ்ஸெ, ஃபுஸ்ஸெஸ் எல்லாம் வருதாடி?” என்று கேட்டேன்.

“இல்லயே சாச்சி. அப்பிடி ஒண்டும் இந்தப் பாடத்துல இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் படித்த பிரெஞ்சில் அது மட்டும்தான் இருந்தது. பொன்ஜூர் இருக்கவில்லை.

வாப்பாவுக்குக் கல்முனை பஸாரில் பலசரக்குக் கடை. அந்த நாளில் சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டிய சரையில்தான் கட்டிக் கொடுப்பார்கள். அதற்காகக் கொழும்பிலிருந்து பழைய தாள்கள் கட்டுக்கட்டாக லொறியில் வரும். சாக்கு அவிழ்க்கும்போது எழும் தூசிக்கு வாப்பா தும்முவார், நான் உள்ளே தலையை விட்டுக் கிண்டுவேன். நான் வாசித்த துப்பறியும் கதைகளில் பாதிக்கு மேல் கொலைகாரன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் ஐம்பது கிராம் மிளகோடு யாருடைய வீட்டுக்கோ போய்விட்டான்.

அப்படித்தான் அந்தப் புத்தகமும் கிடைத்தது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் பிரெஞ்சு படிப்பதற்காக என்றைக்கோ அச்சிட்டது. நான் கண்டெடுத்தபோது முன் அட்டையோடு நாற்பது பக்கங்கள் போய்விட்டிருந்தன. வணக்கம் சொல்வது, சுகம் விசாரிப்பது, கடையில் விலை கேட்பது எல்லாம் அதில்தான் இருந்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தது முழுக்க வினைச்சொல் வாய்ப்பாடுகள். இறந்தகாலம், எதிர்காலம் என்று போய்க் கடைசியில் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் என்று ஒன்று. ‘அவன் வரவேண்டுமென்று விரும்பினேன்’, ‘இருந்திருப்பானோ என்று பயந்தேன்’ என்பது போல, முடிந்துபோன காலத்தின் ஆசைக்கும் அச்சத்துக்கும் அவர்கள் வைத்திருந்த தனி வடிவம். பேச்சில் இதைப் பாவிப்பவர் இல்லை என்று முன்னுரையில் எழுதியிருப்பார்கள் போலும். முன்னுரையும் சீரகத்தோடு போயிற்று.

வெறும் வாய்ப்பாடுகளை வைத்துக்கொண்டு வேறு யாராவது என்றால் மூடி வைத்திருப்பார்கள். ஆனால் நான் பின்னேரங்களில் அறபு மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தவள். அங்கே ஒரு வினைச்சொல் என்றால் நஸர, நஸரா, நஸரூ என்று பதினான்கு வடிவம். ஆடி ஆடி, ராகம் போட்டு, ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ஒரு வரியை விட்டால் முதலிலிருந்து. பதினான்குக்குப் பழகிய வாய்க்குப் பிரெஞ்சின் ஆறு ஒரு பொருட்டா? ‘இரு’ என்ற வினையை அதே ராகத்தில், அதே ஆட்டத்தோடு, ‘கெ ஜெ ஃபுஸ்ஸெ, கெ து ஃபுஸ்ஸெஸ், கில் ஃபுத்’ என்று பிடித்துக்கொண்டேன். ஓதும்போது ஓர் எழுத்தையும் விழுங்கக் கூடாது என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் கடைசி எழுத்துகளை எழுதிவிட்டுச் சொல்லாமல் விடுவார்கள் என்பதை நான் எங்கே கண்டேன்? எழுதியிருந்த எல்லா எழுத்தையும் கணீரென்று உச்சரித்தேன்.

உம்மா ஒருபடி மேலே போய்விட்டார். நான் கடைசி வாய்ப்பாட்டை முடித்த அன்று, “புத்தகம் தமாமாயிற்றா மகள்?” என்று கேட்டார். குர்ஆனை ஓதி முடித்தால்தான் எங்கள் பக்கம் தமாம் என்று சொல்லி இனிப்பு செய்து பங்கிடுவார்கள். நான் எதையும் யோசிக்காமல் ஓம் என்றேன். அடுத்த நாள் வட்டிலப்பம் அவித்து ஏழு வீட்டுக்குப் போயிற்று. “என்ட புள்ள பிரெஞ்சு தமாம் பண்ணிற்றா” என்று ஒவ்வொரு தட்டோடும் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் உம்மா அந்த ஊர் வாய்க்கு வட்டிலப்பத்தையே ஊட்டிவிட்டார்.

இவ்வளவுக்கும் எனக்கு ஒரு வீம்பு இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் உயர்தரப் பரீட்சையில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் எடுக்கும் மூன்று பாடங்களை எடுக்காமல், அவற்றில் ஒன்றை விட்டுப் பிரெஞ்சு எடுக்க வேண்டும். அதிபர் சிரித்தார். படிப்பிக்க ஆளில்லை, பொறுப்பு பள்ளிக்கூடத்துடையதல்ல என்று தகப்பன் கையெழுத்து வைத்துத் தந்தால் பெயரைப் போடுகிறேன் என்று ஒரு கடிதம் தந்தார். பெயர்ப்பட்டியல் திங்கட்கிழமை போகிறது.

வாப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “இதுல நீ பெயிலாப் போனா கம்பசும் இல்ல, மறுகா படிப்பும் இல்ல. வெளங்குதா?” என்றார். விளங்கியது. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் எனக்குக் கலியாணம் என்று வீட்டில் பேச்சு இருந்தது. பிறகு வாப்பா மீசைக்குள் சிரித்துக்கொண்டு சொன்னார். “சரி. ஒரு பிரெஞ்சுக்காரனோட கதச்சிக் காட்டு. அந்த நிமிசமே கையெழுத்து வெக்கன்.”

கல்முனையில் பிரெஞ்சுக்காரன். கையெழுத்து வைக்க மாட்டேன் என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தேன்.

அது சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். பொத்துவில் பக்கம் கடலாட வெள்ளைக்காரர்கள் பஸ்ஸில் போகத் தொடங்கியிருந்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாப்பாவின் கடைக்குப் பக்கத்துப் புடவைக்கடை இஸ்மாயில் காக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

“கெதியா வா புள்ள. ஒங்குட வாப்பாட கடைக்கு முன்னால ரெண்டு பேர் நிக்காங்க. இங்கிலீசும் தெரியா. பிரெஞ்சு பிரெஞ்சு எண்டு நெஞ்சத் தொட்டுக் காட்டுறாங்க. அந்த வெள்ளக்கார மனிசனுக்கு வேர்த்துக் கொட்டுது.”

உம்மா என் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினார். போனால், அரைவாசிப் பஸார் அங்கே நிற்கிறது. வட்டிலப்பம் தின்ற ஏழு வீட்டாரும் தவறாமல் வந்திருந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு பெண், பக்கத்தில் அரிசிமூட்டையில் சாய்ந்தபடி அவளுடைய கணவர். அவள் என்னைக் கண்டதும் கொட்டத் தொடங்கினாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மழைக்காலத்துத் தகரக் கூரைக்குக் கீழ் நிற்பது போல இருந்தது.

வாப்பா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துடைப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். வணக்கம் தெரியாது, என்ன வேண்டும் என்று கேட்கத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். கண்ணை மூடி, லேசாக ஆடி, மதரஸா ராகத்தில், ‘கெ ஜெ ஃபுஸ்ஸெ, கெ து ஃபுஸ்ஸெஸ், கில் ஃபுத், கெ நௌஸ் ஃபுஸ்ஸியோன்ஸ், கெ வௌஸ் ஃபுஸ்ஸியெஸ், கில்ஸ் ஃபுஸ்ஸென்த்.’

கண்ணைத் திறந்தால் அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு அவளும் தொடங்கினாள். அதே ஆறு வரி, அதே ஒழுங்கு, பாதி எழுத்துகளை விழுங்கிக்கொண்டு. ஆனால் ராகம் போட்டு. அவளும் சின்ன வயதில் வகுப்பில் எல்லாரோடும் சேர்ந்து கத்திப் பாடமாக்கியவள் என்பதை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. இரண்டாவது தரம் இருவரும் சேர்ந்து சொன்னோம். அவள் முடிவில் சிரித்தாள், கண்ணும் நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. மேசையில் கிடந்த சரைக் கடதாசி ஒன்றை எடுத்துத் தெளிவாக எழுதினாள். வினைச்சொல்லில் என்னை யாரும் அசைக்க முடியாது. ‘விட்டுவிட்டோம்’ என்று இருந்தது, ‘எடுக்க வேண்டும்’ என்று இருந்தது. மற்றச் சொற்கள் ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். பஸ், மருந்து, இருதயம்.

“வாப்பா, இவங்க மட்டக்களப்புல இரிந்து வந்த பஸ்ஸுல மருந்துப் பேக்க உட்டுட்டு எறங்கிற்றாங்க. அந்தாளுக்கு இருதய வருத்தம்.”

இஸ்மாயில் காக்கா மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டார். அது அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ், ஒவ்வொரு தரிப்பிலும் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு போவது. நிந்தவூரில் பிடித்துவிட்டார். பை சீட்டுக்குக் கீழ் கிடந்ததாம். குளிசையை விழுங்கி, தேநீரும் குடித்து, மனிதரின் முகத்தில் நிறம் திரும்பியது.

வாப்பா தராசை வைத்துவிட்டுக் கல்லாவிலிருந்து கடிதத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனை எடுத்து, எல்லாரும் பார்க்க, நீட்டி முழக்கிக் கையெழுத்து வைத்தார். “புள்ள ரெண்டு தரம் கதச்சிற்றா” என்றார், யாரோ கணக்குக் கேட்டது போல. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் நிற்பதில்லை.

அந்தப் பெண் என் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டாள். கிழிந்த முன்பக்கத்தை விரலால் தடவினாள். மூன்று மாதத்தில் பிரான்சிலிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே சின்னப் பிள்ளைகளின் முதலாம் பாடப் புத்தகம். ஆக, நான் பொன்ஜூரைக் கடைசியாகத்தான் படித்தேன். படித்து, பரீட்சை எழுதி, சித்தியடைந்து, பல்கலைக்கழகமும் போனேன். உம்மா மறுபடியும் வட்டிலப்பம் அவித்தார். இம்முறை பஸார் முழுக்க.

அந்தப் பிரெஞ்சுப் பெண்ணோடு சில வருடம் கடிதப் போக்குவரத்து இருந்தது. தன் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஆறு வரியும் தெரியாது, இப்போது வகுப்பில் யாரும் ராகம் போட்டுச் சொல்வதில்லை என்று ஒருமுறை எழுதியிருந்தாள். பிறகு கடிதம் வரவில்லை. ஹஸ்னாவின் கைபேசியில் எனக்குக் கிடைக்காத முதல் நாற்பது பக்கமும் இருக்கிறது. எனக்குக் கிடைத்த கடைசிப் பக்கங்கள் இல்லை. இருக்கட்டும், ஹஸ்னா பாரிஸ் போய்ச் சேர அது போதும்.

வாப்பா கடையை மூடும்வரை ஒரு பழக்கம் வைத்திருந்தார். கொழும்பிலிருந்து தாள்கட்டு வந்தால் சாக்கை அவிழ்த்து, புத்தகம் போல எது கிடந்தாலும் எடுத்து வைப்பார். நான் லீவில் வரும்வரை அது மேல்தட்டில் கிடக்கும். வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டி நீட்டுவார். “இதக் கிழிக்கலாமா மகள்?” என்று கேட்பார். நான் தலையாட்டினால்தான் கிழிப்பார்.

வாப்பாவும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. சீரகம் இப்போது பிளாஸ்டிக் பக்கற்றில் வருகிறது. யாரையும் கேட்காமல் நானே வெட்டிக்கொள்கிறேன்.