ஜன்னல்வரை எட்டும் வயர்

செய்தி வந்தபோது பராகுவேயின் என்கர்னசியோன் நகரம் கதவடைத்து மதியத் தூக்கத்தில் இருந்தது. போனில் நிமியா அக்காவின் தங்கை. "அக்கா சாப்பிட்டுட்டுப் படுத்தா. எழுப்பினேன், எந்திரிக்கல," என்றாள். அந்தத் தூக்கத்திலிருந்து நானும் இன்னும் முழுதாக விழித்ததாகத் தோன்றவில்லை.

யெர்பா என்னும் தேயிலை பயிரிடுவோர் சங்கத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. ரசீது அடிப்பது அக்காவின் வேலை. அவர் இடம் ஜன்னலோரம். கீழே பரானா ஆறு. அணை கட்டி நீர் ஏறியபோது அவர் பிறந்த தெரு தண்ணீருக்குள் போய்விட்டது. வெயில் சாய்ந்து ஆறு பித்தளையாக மாறும் நேரத்தில் விரல் நீட்டுவார். "அதோ, படகு நிக்குதுல்ல, அதுக்கு நேர் கீழ எங்க அடுப்படி. இப்ப மீனுங்க குடியிருக்கு. வாடகை தர்றதில்ல, கழுதைங்க."

போன வாரம் புதுப் பிரிண்டர் வந்தது. பெரிய பிளக் உள்ளறையில்தான் இருந்தது என்பதால் தலைவர் எலாதியோ அதை அங்கே வைத்தார். அதை அக்காவின் கம்ப்யூட்டரோடு இணைக்கக் கூட வந்த குட்டை வயரோ மேசையை விட்டு இறங்கவே பயந்தது.

"வயர் எட்டலைன்னா நீங்க உள்ள வந்துடுங்கம்மா."

"உள்ள ஜன்னலே இல்லையே ஐயா."

"ஃபேன் இருக்கே."

"ஃபேன்ல ஆறு தெரியுமா?"

தலைவர் சிரித்துவிட்டார். "சரி, எட்ட வெச்சிட்டா அங்கேயே இருங்க."

மாலையில் கடைக்குப் போனோம். அக்கா ஒரு வயர்ச் சுருளைப் பிரித்துத் தரையில் நீட்டி நடந்தார். "இது கதவு. நீ உன் மேசை. அசையாதடீ!" நான் மேசையாக நின்றேன்.

"யுஎஸ்பி வயர் ரொம்ப நீண்டா வழியிலயே களைச்சுடும்மா," என்றார் கடைக்காரர். அக்கா கேட்கவில்லை. இரண்டை வாங்கி ஒன்றோடொன்று இணைத்தார். மறுநாள் பிரிண்டர் பாதி ரசீதைத் துப்பிவிட்டு நின்றது.

மறுபடி போனபோது கடைக்காரர் நெட்வொர்க் வயரை எடுத்துப் போட்டார். "பிரிண்டர் பின்னால இதுக்கும் ஓட்டை இருக்கும். இது தூரம் போகும்."

"தண்ணிக்குள்ளயும் போகுமா?"

கடைக்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அதைத் தரையில் நீட்டிச் சொருகினோம். ரசீது முழுதாக வந்தது. தலைவர் அதைத் தூக்கிப் பார்த்தார். "ஜெயிச்சுட்டீங்க. யாரும் தடுக்கி விழாம சுவரோரமா ஆணி அடிச்சிடுங்க."

அக்கா வயரைப் பிடிக்க நான் அடித்தேன். நடுவில் யெர்பா இலையில் குளிர்ந்த நீர் ஊற்றிய தெரெரே குடித்தோம், கொம்புக் குவளை ஒன்றுதான். போதும் என்பவர் நன்றி சொல்லித் திருப்பித் தர வேண்டும். அக்கா நன்றி சொல்லாமலே தந்தார், இன்னும் வேண்டும் என்று. இன்னொரு சுற்று ஊற்றுவதற்குள் மணியடித்து, அலுவலகம் மூடிவிட்டது.

"மிச்சத்த திங்கக்கிழம பாத்துக்கலாம்டீ," என்று ஒருமுறை ஆற்றைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

இன்று திங்கட்கிழமை. வயர் கதவு நிலைவரைதான் அடித்திருக்கிறது. மிச்சச் சுருள் அவர் நாற்காலியில் கிடக்கிறது.